செத்தும் சொல்லாத பம்பு

அமெரிக்காவில் 1998-ன் நடுவிலிருந்து 2002 வரை விற்ற டாட்ஜ் ராம் டீசல் வண்டிகளை செகண்ட் ஹேண்டாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்து, முன்கண்ணாடியை ஒட்டிய தூணைப் பார்ப்பார்கள். கம்பெனி வைக்காத ஒரு சின்ன கேஜ் அங்கே இருக்கிறதா என்று தேடுவார்கள். விற்கிறவர் கைக்காசு போட்டு வாங்கி மாட்டியது அது. இருந்தால் மேற்கொண்டு பேரம் பேசலாம். இல்லையென்றால், டீசல் பம்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது என்று அர்த்தம்.

அந்த கேஜ் காட்டுவது டீசலின் அழுத்தம். டேங்கிலிருந்து டீசலை இழுத்து, இன்ஜினில் இருக்கும் மெயின் பம்புக்குத் தள்ளிவிடுகிற குட்டிப் பம்பு எத்தனை பவுண்டு கொடுக்கிறது என்ற கணக்கு. நம் டயர் கடையில் ‘நூறு பவுண்டு காத்து’ என்கிறார்களே, அதே பவுண்டுதான். நல்ல நிலையில் உள்ள பம்பு 10 முதல் 15 பவுண்டு தரும். லாரி டயரில் இருக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்கு. இந்த அற்ப அழுத்தத்தில் ஐந்தாறு பவுண்டு குறைந்துபோனதற்கு அந்த வண்டிக்காரர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள இன்ஜெக்‌ஷன் பம்புகளைப் பலி கொடுத்தார்கள். சிலர் இரண்டு, மூன்று முறை கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் அந்த இன்ஜின் லேசுப்பட்டதல்ல. இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் ‘பி’ வரிசை இன்ஜின். டிராக்டர், ஜெனரேட்டர், படகு, பஸ் என்று எதில் வைத்தாலும் உழைத்த இன்ஜின் குடும்பம் அது. டாட்ஜ் வண்டியில் 1989-ல் ஏறியது. 1990-களில் டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் இதே குடும்பத்து இன்ஜின்களைச் செய்ய ஆரம்பித்ததால், நம் நெடுஞ்சாலைகளுக்கும் அதன் சத்தம் புதிதல்ல. இன்ஜினைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. அதன் விலாவில் ஒட்ட வைத்திருந்த மின்சாரப் பம்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் புகார்.

ஃபீட் பம்பு என்கிற நல்ல பிள்ளை

நம் ஊர்ப் பட்டறையில் இதை ஃபீட் பம்பு என்பார்கள். அமெரிக்காவில் லிஃப்ட் பம்பு, டிரான்ஸ்ஃபர் பம்பு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். டீசலை நாசில் வழியாக சிலிண்டருக்குள் பீய்ச்ச பெரிய அழுத்தம் வேண்டும். பழைய லாரி நாசில் திறக்கவே ஏறக்குறைய 200 பார் தேவை. இன்றைய காமன் ரெயிலில் 1,600, 2,000 பார் என்று போகிறது. அந்தப் பெரிய வேலையைச் செய்யும் மெயின் பம்புக்கு டீசலை இழுத்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஊட்ட ஆள் வேண்டும்.

பழைய டாடா, லேலண்ட் லாரிகளில் இந்த ஃபீட் பம்பு, இன்லைன் பம்பு என்கிற மெயின் பம்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் குமிழ் வைத்த ஹேண்ட் பிரைமர். டீசல் தீர்ந்து வண்டி நின்றாலோ, ஃபில்டர் மாற்றினாலோ லைனில் ஏர் புகுந்துவிடும். கிளீனர் இறங்கி, ஃபில்டர் தலையில் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துவார். பிரைமர் குமிழைத் திருகி விடுவித்து உள்ளங்கையால் டக் டக்கென்று அடிப்பார். முதலில் வெறும் நுரை சீறும். பிறகு நுரையும் டீசலுமாக வரும். கடைசியில் குமிழியில்லாத டீசல் வழியும். அதே நேரம் பிரைமர் கனத்துப்போவது கைக்குத் தெரியும். ஸ்க்ரூவை முடுக்கி, குமிழை அழுத்தித் திருகி மூடி செல்ஃப் அடித்தால் இன்ஜின் இரண்டு இருமு இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். குமிழைச் சரியாக மூடாமல் விட்டால் அந்த வழியாகவே மறுபடி காற்றை இழுத்து, பத்து கிலோமீட்டரில் மறுபடி நிற்க வைக்கும்.

இந்தப் பம்பின் உள்ளமைப்பு அழகானது. மெயின் பம்பின் கேம் ஷாஃப்டில் இருக்கும் ஒரு மேடு, சின்ன பிளஞ்சர் ஒன்றைத் தள்ளுகிறது. திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். இரண்டு ஒருவழி வால்வுகள். அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, டீசலை முன்னால் தள்ளுவது கேம் அல்ல, ஸ்பிரிங். மெயின் பம்புக்கு டீசல் போதுமென்றால் லைனில் அழுத்தம் ஏறும். ஸ்பிரிங் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் பிளஞ்சர் பாதி வழியில் நின்றுவிடும். கேம் மேடு அதைத் தொட்டும் தொடாமலும் சுற்றிக்கொண்டிருக்கும். தேவை கூடினால் பிளஞ்சர் தானாக நீள ஓடும். தனி ரெகுலேட்டர் கிடையாது, ஒயர் கிடையாது. ஜெர்மனியில் பாஷ் 1927-ல் இன்லைன் பம்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது; 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ அந்த வம்சத்தை இந்திய லாரிகளுக்குள் கொண்டுவந்தது. பம்பு ரூம் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக் கற்றது இதில்தான்.

கெடாதா என்றால், கெடும். வால்வுக்கு அடியில் தூசி சிக்கும். ஸ்பிரிங் தளரும். ஸ்பிண்டில் தேய்ந்து டீசல் கசிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் கம்பியை உருவிப் பார்க்கும்போது அளவு குறையாமல் ஏறியிருந்தால் புது டிரைவர் சந்தோஷப்படுவார். பழைய டிரைவர் கம்பியை மூக்குக்குக் கொண்டுபோவார். ஆனால் கெட்டால் வெளிப்படையாகக் கெடும். மேட்டில் வண்டி இழுக்காது, பிறகு நிற்கும். நின்ற இடத்தில் பிரைமரை அடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இன்லைன் பம்பின் கேமும் டாப்பெட்டும் இன்ஜின் ஆயிலில் குளித்துக்கொண்டிருப்பதால், டீசல் வரத்து குறைந்தால் இழுவைதான் போகும். மெயின் பம்பு அத்தனை சுலபத்தில் சாகாது.

டாட்ஜ் ராமும் 1998 வரை இந்த நிம்மதியில்தான் ஓடியது. 1994 முதல் அதில் இருந்த பாஷ் பி.7100 இன்லைன் பம்பு, கம்மின்ஸ் பிரியர்கள் இன்றுவரை பெருமூச்சோடு பேசுவது. அதற்கு ஊட்டியது இன்ஜினின் கேம் ஷாஃப்ட் இடித்து இயக்கும் மெக்கானிக்கல் பம்பு; கையால் அமுக்கி பிரைம் பண்ண ரப்பர் பொத்தானும் உண்டு.

1998-ல் என்ன மாறியது

அமெரிக்காவில் 1998-ல் டீசல் புகை விதிகள் இறுகின. கம்மின்ஸ் அதே 5.9 லிட்டருக்கு 24 வால்வு கொண்ட புதுத் தலை வைத்தது. பி.7100 போய், பாஷின் வி.பி.44 என்ற எலெக்ட்ரானிக் ரோட்டரி பம்பு வந்தது. எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதை அதன் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் கார்டு கட்டுப்படுத்தும். சத்தம் குறைந்தது, புகை குறைந்தது, இழுவை கூடியது.

விலை வேறு இடத்தில் வைக்கப்பட்டது. வி.பி.44-க்கு இன்ஜின் ஆயில் கிடையாது. அதன் உள்ளே தேய்கிற ஒவ்வொரு உலோகத்துக்கும் மசகு, டீசல்தான். தலைமேல் இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டைக் குளிர வைப்பதும் டீசல்தான். அதனால் இன்ஜின் எரிக்கும் அளவைவிட அதிகமாகவே டீசல் உள்ளே வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய 14 பவுண்டில் திறக்கும் ரிட்டர்ன் வால்வு வழியாக டேங்குக்குத் திரும்பிப் போக வேண்டும். இப்போது ஃபீட் பம்பின் வேலை பசிக்குச் சோறு போடுவதோடு முடியவில்லை. உயிரைக் காக்கும் பொறுப்பும் அதன் தலையில் வந்து விழுந்தது.

பொறுப்பு கூடிய அதே நேரத்தில் பம்பை மாற்றினார்கள். கேம் தள்ளும் மெக்கானிக்கல் பம்புக்குப் பதில், கார்ட்டர் நிறுவனத்தின் மின்சாரப் பம்பு. மோட்டார் சுற்ற, தகடுகள் வழுக்கி டீசலைத் தள்ளும் வகை. அதைக் கொண்டுபோய் இன்ஜின் பிளாக்கின் இடது பக்கம் போல்ட் அடித்தார்கள். டீசல் இன்ஜினின் அதிர்வு முழுவதும், சூட்டில் பெரும்பகுதியும் அதற்குத்தான். அதைவிடப் பெரிய தவறு, டேங்க் பின்னால் சேஸிஸில் இருக்க, பம்பு முன்னால் இருந்தது. தள்ளுவதற்கென்று செய்த பம்பை, அத்தனை நீள லைன் வழியாக உறிஞ்ச வைத்தார்கள்.

கிணறு வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் இது புரியும். மேலே வைத்த மோனோபிளாக் மோட்டார் இருபத்தைந்து அடிக்கு மேல் உறிஞ்சாது. ஆழம் போகப் போக மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கியாக வேண்டும். வண்டி டேங்கில் ஆழம் என்னவோ இரண்டடிதான். ஆனால் சல்லடை, குறுகலான பைப், வளைவுகள், பேன்ஜோ போல்ட்டின் ஊசித் துளை என்று ஒவ்வொன்றும் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போகும். உறிஞ்சும் லைனில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. டீசலில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகப் பிரியும். ஹோஸ் கிளிப் லேசாகத் தளர்ந்தாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் கசிவு கண்ணில் படாது. குமிழியை மென்ற பம்பு சீக்கிரம் தேயும்.

அதே காலத்தில் ஃபோர்டு என்ன செய்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் அதுவரை இருந்த மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு, 1999 மாடலில் ஃபோர்டும் மின்சாரப் பம்புக்கு மாறியது. ஆனால் பம்பை இன்ஜினில் மாட்டவில்லை. டேங்குக்குப் பக்கமாக, சேஸிஸ் சட்டத்தில் மாட்டியது. அந்தப் பம்பும் கெடாமல் இல்லை. ஆனால் டாட்ஜுக்கு வாய்த்த கெட்ட பெயர் அதற்கு வரவில்லை.

பம்பு கெடுவதைக்கூட மன்னித்துவிடலாம். நூற்றுச் சொச்சம் டாலர் பொருள், மாற்றிவிட்டுப் போகலாம். மன்னிக்க முடியாதது அது கெட்ட விதம். வி.பி.44-க்குள் தனக்கென்று ஒரு சின்ன தகட்டுப் பம்பு உண்டு. லிஃப்ட் பம்பு செத்துவிட்டாலும் அதன் உடம்பு வழியாகவே இது டீசலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வண்டி நிற்காது. வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், வழக்கம்போல ஓடும். டேஷ்போர்டில் விளக்கு எரியாது; அழுத்தத்தை அளக்க கம்பெனி சென்சாரே வைக்கவில்லை. உரிமையாளர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மலை ஏறிக்கொண்டிருப்பார். மசகும் குளிர்ச்சியும் போதாமல் பம்பு உள்ளுக்குள் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கும்.

பிறகு ஒருநாள் அறிகுறிகள் வரும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுக்கும். சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. ஸ்கேனர் மாட்டினால் பி.0216 என்ற கோடு வரும். டைமிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்பதற்கு அந்த எண் அடையாளம். அதைப் பார்த்துவிட்டால் வி.பி.44-ன் கதை பெரும்பாலும் முடிந்தது. ஆரம்பத்தில் பல பட்டறைகள் வி.பி.44-ஐ மட்டும் மாற்றி அனுப்பிவிட்டன. செத்த லிஃப்ட் பம்பு அங்கேயே இருந்து புதியதையும் கொன்றது. அதற்குப் பிறகுதான் பம்பு மாற்றித் தருகிறவர்கள் முதல் கேள்வியாக ‘லிஃப்ட் பம்பு எத்தனை பவுண்டு கொடுக்கிறது?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாச் சாவுக்கும் லிஃப்ட் பம்பின் மேல் பழி போட முடியாது. அழுத்தம் நன்றாக இருந்தும் செத்த வி.பி.44-கள் உண்டு, சூட்டில் எலெக்ட்ரானிக் கார்டின் சால்டர் விட்டுப்போய் உயிரை விட்டவை அவை. அந்த வருடங்களில் வந்த பிளாக்குகளிலேயே ‘53’ என்று வார்ப்பில் எண் பதிந்தவை விரிசல் விடும் என்பது தனிக் கதை. கம்மின்ஸுக்கு அது கஷ்ட காலம்.

கம்பெனியின் வைத்தியம் அரைகுறையாக இருந்தது. வாரண்டியில் வந்த வண்டிகளுக்கு டேங்குக்குள்ளேயே பம்பு வைக்கும் மாற்று வழியைக் கொண்டுவந்தார்கள். இடம் சரி, ஆனால் அழுத்தம் முன்பைவிடக் குறைவு என்று வண்டிக்காரர்கள் முனகினார்கள். வெளிச்சந்தை இதைப் பிடித்துக்கொண்டது. சேஸிஸில் மாட்டும் வலுவான பம்புகள், டீசலிலிருந்து காற்றைப் பிரித்து டேங்குக்கே திருப்பி அனுப்பும் பம்புகள் என்று ஃபாஸ், ஏர்டாக் போன்ற பெயர்கள் பிரபலமாயின. பேன்ஜோ போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு அகலமான ஹோஸ் போட்டார்கள். கேஜ் மாட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. வி.பி.44-ன் வாயில் டீசல் சீராக நிற்பதில்லை; துடித்துக்கொண்டே இருக்கும். அந்த அடியில் சென்சார்கள் சில மாதங்களில் செத்தன. நடுவில் ஒரு ஊசி வால்வை வைத்து, கேஜ் முள் நடுங்குவது நிற்கும் வரை மூடி, அதோடு விட்டுவிட வேண்டும். முள் நிதானமாக ஏறி இறங்கினால் வால்வு சரியாக வைக்கப்பட்டிருக்கிறது.

2003-ல் காமன் ரெயிலும் சி.பி.3 பம்பும் வந்து வி.பி.44-ஐ வீட்டுக்கு அனுப்பின. ஆச்சரியம், லிஃப்ட் பம்பை மறுபடி இன்ஜினில்தான் மாட்டினார்கள். அது மறுபடி கெட்டது. 2005 வாக்கில்தான் பம்பு டேங்குக்குள் நிரந்தரமாகக் குடியேறியது.

பம்பே இல்லாத வண்டி

ஜெனரல் மோட்டார்ஸ் நேர் எதிர்த் திசையில் போனது. 2001-ல் வந்த டுராமேக்ஸ் டீசலில் லிஃப்ட் பம்பே வைக்கவில்லை. மெயின் பம்பின் முதுகில் இருக்கும் கியர் பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கெடுவதற்குப் பம்பே இல்லையென்றால் கெடாதுதானே என்பது வாதம். சி.பி.3 இருந்தவரை அந்த வாதம் எடுபட்டது. முரட்டுப் பம்பு அது. கொஞ்சம் குமிழி, கொஞ்சம் பட்டினி எல்லாம் தாங்கும். 2011-ல் அதன் இடத்தில் சி.பி.4 வந்ததும் கணக்கு மாறியது.

சி.பி.4-ல் கேமின் மேல் ரோலர் உருள்கிறது. அந்த ரோலரைப் பிடித்திருக்கும் டாப்பெட் கொஞ்சம் திரும்பிக்கொண்டால், உருள வேண்டியது உரச ஆரம்பிக்கும். உரசிய இடத்திலிருந்து கிளம்பும் உலோகத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் ரிட்டர்ன் வழியாக டேங்க் வரைக்கும் போகும். பம்பு மட்டும் போனால் பம்பு மட்டும்தான் செலவு. இங்கே டீசல் போன இடமெல்லாம் செலவு. அமெரிக்க டீசலின் வழுவழுப்பும் ஒரு காரணம் என்பார்கள். சோதனையில் ஏற்படும் தேய்மானத் தழும்பு 520 மைக்ரான் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க விதி. ஐரோப்பாவில் 460 மைக்ரானுக்கு மேல் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் போய்விடும். சேர்மானம் போட்டுத்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் டேங்குக்குள் மின்சார லிஃப்ட் பம்பை வைத்தது. மெயின் பம்பையும் டென்சோவுக்கு மாற்றிக்கொண்டது. பதினாறு வருடம் கழித்து வந்த ஞானம். இதற்கிடையில் வி.பி.44-ல் சூடுபட்ட ராம் வண்டிக்காரர்கள், 2019-ல் தங்கள் 6.7 லிட்டர் கம்மின்ஸிலும் சி.பி.4 வந்து உட்கார்ந்ததைப் பார்த்தார்கள். இரண்டே வருடம். 2021-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, பழைய சி.பி.3-ஐயே மாட்டிக் கொடுத்தார்கள்.

நம் ஊரில் ஏப்ரல் 2020 முதல் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது; வழுவழுப்புக்கு ஐரோப்பாவின் 460 மைக்ரான் அளவேதான். அந்த வகையில் பரவாயில்லை. நம் லாரிகளின் தலைவலி டீசலின் தரத்தைவிட டீசலோடு சேர்ந்து வருவதுதான். தண்ணீர், தூசி, டூப்ளிகேட் ஃபில்டர். பி.எஸ்.6 லாரிகள் எல்லாம் காமன் ரெயில். அவற்றில் பல, மெயின் பம்போடு சேர்ந்த கியர் பம்பால் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறவை. தண்ணீரைப் பிரிக்கும் பிரீ-ஃபில்டரும் ஹேண்ட் பிரைமரும் அந்த உறிஞ்சும் லைனில்தான் இருக்கும். அதாவது மேலே சொன்ன ‘சொட்டாத கசிவு’ இங்கேயும் உண்டு. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் நீளமாக செல்ஃப் வாங்கினால் பலரும் பேட்டரியைச் சந்தேகப்படுகிறார்கள், அடுத்தது இன்ஜெக்டரை. ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் ரிங், பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர், டேங்க் பக்கத்து ஹோஸ் கிளிப் ஆகியவற்றுக்குக் கடைசியில்தான் முறை வருகிறது. ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷரையே திருப்பிப் போட்டு முடுக்குகிற பழக்கம் பழைய லாரியில் தப்பித்தது; இதில் தப்பிக்காது.

இன்னொரு பழைய பழக்கத்தை அடியோடு விட்டாக வேண்டும். ஏர் எடுக்க, நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்திக்கொண்டு செல்ஃப் அடிப்பது. இன்லைன் பம்பில் எல்லோரும் செய்ததுதான். காமன் ரெயிலில் அந்த இடத்தில் இருப்பது ஆயிரக்கணக்கான பவுண்டு. கண்ணுக்குத் தெரியாத ஊசிபோல் வரும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; விரலை எடுக்க வேண்டிய நிலைமைகூட வரலாம். ஏர் எடுப்பது பிரைமர் பக்கத்தோடு முடிந்துவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பிரீ-ஃபில்டருக்கும் கியர் பம்புக்கும் இடையில், டீசலுக்குத் தாங்கும் தெளிவான ஹோஸ் ஒன்றரை அடி போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது. டீசல் மட்டும் ஓடினால் உறிஞ்சும் பக்கம் சுத்தம். வேறு இடத்தைத் தேடலாம். குமிழி ஓடினால் ஹோஸை ஒவ்வொரு இணைப்பாக டேங்கை நோக்கி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். குமிழி எந்த இணைப்பைத் தாண்டியதும் நிற்கிறதோ, காற்று புகுவது அந்த இணைப்பில். மெயின் பம்பைக் கழற்றி பம்பு ரூமுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.